மாதத்தைச் சொல்லுங்கள், தீவைச் சொல்கிறேன்: கிரீட், சார்டினியா, கோர்சிகா, மெனோர்கா

முதல் ஐரோப்பியப் பயணத்தில் பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து என்று ஓடி முடித்தவர்கள், இரண்டாவது முறை கிளம்பும்போது வேறு கேள்வியோடு வருகிறார்கள். அருங்காட்சியகம் போதும், தேவாலயம் போதும். கடலும் மலையும் சேர்ந்து கிடைக்கிற ஒரு தீவில் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம், மத்தியதரைக் கடலில் எந்தத் தீவு நல்லது? கேட்பதற்கு முன்பே படங்களாகப் பார்த்துத் தள்ளியிருப்பார்கள். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. கிரீட்டின் பாலோஸ், சார்டினியாவின் லா பெலோசா, கோர்சிகாவின் சாந்தா ஜூலியா, மெனோர்காவின் மக்கரெல்லா ஆகிய நான்கு கடற்கரைகளின் படங்களையும் பெயர் நீக்கிக் கலைத்துப் போட்டால், எது எந்தத் தீவு என்று பிரிக்க எனக்கே நேரம் பிடிக்கும். நான்கிலும் அதே கண்ணாடித் தண்ணீர், அதே வெளிர் மணல்.

வேறுபாடுகள் படத்தில் விழாதவை. கடல் எந்த மாதத்தில் குளிக்கிற பதத்துக்கு வருகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, கார் இல்லாமல் நகர முடியுமா, ராத்திரி தட்டில் என்ன வரும் என்பவைதான் பத்து நாளை நல்லதாகவோ வீணாகவோ ஆக்குகின்றன. ஆகவே அழகை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றைப் பேசுவோம்.

## எதை வைத்து எடை போடுவது

மாதம். மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன். கடல் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும். மே மாதத்து வெயில் நம்மைக் கூப்பிடும். இறங்கினால் மேற்குப் பகுதியில் தண்ணீர் 18 டிகிரி அளவில்தான் இருக்கும். சென்னைக் கடலில் கால் நனைத்துப் பழகியவர்கள் முழங்கால் தாண்ட மாட்டார்கள். ஆகஸ்டில் 25, 26 டிகிரி வரை ஏறும். அக்டோபர் தொடக்கத்திலும் மே மாதத்தைவிடக் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். கிழக்கே போகப் போகச் சூடு கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதம். ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட். இரண்டு தரப்புக்கும் ஒரே பதில் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

காற்று. கிரீட்டுக்கு வடக்கே உள்ள ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து அடிப்பது மெல்தெமி. கோர்சிகா, சார்டினியா பக்கம் வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால். மெனோர்காவில் வடக்குக் காற்றுக்குத் திராமுந்தானா என்று பெயர். அடிக்கிற நாளில் காற்றுக்கு முகம் கொடுத்த கடற்கரையில் மணல் கண்ணில் விழும், படகு போகாது. தீவின் மறுபக்கத்துக்கு எவ்வளவு சுலபமாகப் போய்விட முடியும் என்பதே இங்கே கேள்வி.

கார். நான்கிலும் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துப் போக வேண்டும். வாடகைக் கார் நிறுவனங்கள் ஒரு பெரிய தொகையைக் கிரெடிட் கார்டில் முடக்கி வைக்கும். டெபிட் கார்டைப் பல கவுண்டர்களில் ஏற்பதில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் குறைவு, வாடகையும் அதிகம்.

நீச்சல். குடும்பத்தில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? பயணக் குறிப்புகளில் இதை யாரும் கேட்பதில்லை. நம் வீடுகளில் கேட்டே ஆக வேண்டும். புகழ்பெற்ற குடாக்கள் பலவற்றில் நாலு எட்டு வைத்ததும் ஆழம் இறங்கிவிடும்.

சாப்பாடு. சைவர்களுக்கு இந்த நான்கும் ஒன்றல்ல. கீழே வருகிறேன்.

விசாவை இந்தத் தராசில் ஏற்ற வேண்டியதில்லை. நான்கும் ஷெங்கன் பகுதிக்குள் இருப்பதால் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஒரே விதிதான்: பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது மீதம் இருக்க வேண்டும். விமானத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊரிலிருந்து எதற்கும் நேரடி விமானம் கிடையாது. ஏதென்ஸ், ரோம், பாரிஸ், பார்சலோனா என்று ஓரிடத்தில் மாற வேண்டும். இரண்டாவது விமானத்தைத் தனி டிக்கெட்டாக மலிவு விலை நிறுவனத்தில் எடுப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். பெட்டிக்குத் தனிக் காசு. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் நஷ்டம் முழுக்க நம்முடையது. தீவுக்குப் போகும் நாளில் இடையில் ஓர் இரவு விட்டுவைப்பது மலிவான காப்பீடு.

| | கிரீட் | சார்டினியா | கோர்சிகா | மெனோர்கா |
|---|---|---|---|---|
| நாடு | கிரேக்கம் | இத்தாலி | பிரான்ஸ் | ஸ்பெயின் |
| பரப்பு (சதுர கி.மீ., ஏறத்தாழ) | 8,300 | 24,000 | 8,700 | 700 |
| உயர்ந்த சிகரம் (மீட்டர்) | 2,456 | 1,834 | 2,706 | 358 |
| முக்கிய விமான நிலையங்கள் | ஹெராக்லியோன், சானியா | கலியாரி, ஓல்பியா, அல்கேரோ | அஜாக்சியோ, பாஸ்தியா, கால்வி, ஃபிகாரி | மஹோன் |
| கார் இல்லாமல் | ஓரளவு முடியும் | கடினம் | ரயில் பாதையை ஒட்டினால் முடியும் | கோடையில் முடியும் |
| நான் போகச் சொல்லும் மாதம் | மே கடைசி, செப்டம்பர் பாதி முதல் அக்டோபர் வரை | ஜூன், செப்டம்பர் | ஜூன், செப்டம்பர் | ஜூன், செப்டம்பர் |

## கிரீட்: மே மாதக்காரர்களுக்கு

கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கி.மீ. நீண்டு கிடக்கும் தீவு. "கிரீட்டைப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று ஒரு வாரத்துக்குத் திட்டம் போடுபவர்கள் பெரும்பாலும் காருக்குள்தான் இருக்கிறார்கள். சானியாவிலிருந்து ஹெராக்லியோன் 140 கி.மீ. அளவு, அதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மேற்கு அல்லது கிழக்கு, ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இயற்கைக்காகப் போகிறவர்களுக்கு மேற்கு. வெள்ளை மலைகள் எனப்படும் தொடர் அங்கேதான் நிற்கிறது. அதன் தென்சரிவு லிபியக் கடலில் செங்குத்தாக இறங்குகிறது.

அந்தச் சரிவைப் பிளந்துகொண்டு போவது சமாரியா மலையிடுக்கு. ஒமாலோஸ் மேட்டில் 1,200 மீட்டருக்குச் சற்று மேலே தொடங்கி, கடலோரத்து அகியா ரூமேலியில் முடியும் 16 கி.மீ. நடை. 1962இல் தேசியப் பூங்கா ஆனபோது உள்ளே இருந்த சமாரியா கிராமத்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகள் மட்டும் பாதி வழியில் நிற்கின்றன. கிரி கிரி என்று அழைக்கப்படும் கிரீட் காட்டு ஆடு, மக்கள் உட்கார்ந்து ரொட்டி பிரிக்கிற இடத்துக்குத் தைரியமாக வந்து நிற்கும். கடைசிப் பகுதியில் "இரும்புக் கதவுகள்" என்ற இடத்தில் இரண்டு பக்கமும் பாறை நூற்றுக்கணக்கான மீட்டர் உயர்ந்து நிற்க, நடுவே மூன்று நான்கு மீட்டர் மட்டுமே வழி.

மே 1 முதல் அக்டோபர் கடைசி வரைதான் திறந்திருக்கும். மழை பெய்தாலும் கடும் வெப்பம் அடித்தாலும் அன்றைக்கு மூடிவிடுவார்கள். இறக்கம்தானே என்று முழங்கால் வலிக்காரர்கள் நினைக்கக் கூடாது. ஏற்றத்தைவிட இறக்கமே முட்டியைப் பதம் பார்க்கும், ஐந்து முதல் ஏழு மணி நேரம் கல்லின் மேல் இறங்க வேண்டும். அகியா ரூமேலிக்கு வெளியுலகச் சாலை கிடையாது என்பதால், மாலைப் படகைப் பிடித்து சூயா அல்லது கோரா ஸ்ஃபாகியோனுக்குப் போய், அங்கே படகுக்காகக் காத்திருக்கும் பஸ்ஸில் சானியா திரும்ப வேண்டும். இதனாலேயே சமாரியாவுக்குக் கார் எடுத்துப் போவது வினை: வண்டி மலை மேலே நிற்கும், நீங்கள் கடலோரத்தில் நிற்பீர்கள். அன்றைக்குப் பொதுப் பஸ்ஸே சரி. இவ்வளவு நடக்க முடியாதவர்களுக்கு, இம்ப்ரோஸ் மலையிடுக்கு பாதித் தூரத்தில் ஏறத்தாழ அதே மாதிரி ஒரு நடையைத் தரும்.

கடலுக்கு வருவோம். தென்மேற்கு மூலையில் எலஃபோனிசி. முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்தே எதிர்த் தீவுக்குப் போய்விடலாம். ஓடு நொறுங்கிய மணல் கரையில் ரோஜா நிறக் கோடாகத் தெரியும். நீந்தத் தெரியாதவர்களும் சின்னப் பிள்ளைகளும் உள்ள குடும்பத்துக்கு இந்த நான்கு தீவுகளில் இதைவிட நிம்மதியான தண்ணீர் குறைவு. பாலோஸும் அப்படித்தான், ஆனால் அதற்கான சாலையின் கடைசிப் பகுதி மண்பாதை. வாடகைக் கார்க் காப்பீடுகள் பெரும்பாலும் மண்பாதையில் நேரும் சேதத்தை ஏற்காது, அடிவண்டியையும் டயரையும் "முழுக் காப்பீடு" என்று விற்றதிலிருந்தே விலக்கி வைத்திருப்பார்கள். கிசாமோஸிலிருந்து படகில் போவது அதைவிட மலிவாக முடியும்.

சாப்பாட்டில் கிரீட்டுக்கு நிகர் இல்லை. கிழக்கத்தியத் திருச்சபையின் விரத நாட்கள் ஆண்டில் ஏராளம் என்பதால், இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் அங்கே வீட்டுப் பழக்கம். காட்டுக் கீரையை வேகவைத்து எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தருவது ஹோர்தா. பார்லி ரஸ்க்கின் மேல் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்தால் டாகோஸ். சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே பழத்துண்டும் சின்னக் குப்பியில் ராக்கியும் வந்து உட்காரும். பில்லில் அது ஏறாது. (ராக்கி மதுதான். வேண்டாம் என்றால் பழத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

குறை என்ன? ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி அடிக்கும்போது வடகரையில் குளிக்க முடியாத நாட்கள் உண்டு. தெற்கே தப்பிக்கலாம் என்றால் நடுவில் மலை. பிளாகியாஸ் போன்ற தென்கரை ஊர்களில் மலையிலிருந்து இறங்கும் காற்றும் பலமானது. வடகரையில் ஹெராக்லியோனுக்குக் கிழக்கே ஹோட்டல்கள் நெருக்கியடித்துக் கட்டப்பட்டிருக்கின்றன. அங்கே மலிவாக அறை கிடைத்ததென்று பதிவு செய்துவிட்டு இயற்கையைத் தேடுவதில் பொருளில்லை. மே கடைசியில் கடல் இருபது டிகிரியைத் தொடும், மலையில் பூ இருக்கும், சமாரியா திறந்திருக்கும், விலை ஏறியிருக்காது. தமிழ்நாட்டு விடுமுறைக்குள் அடங்க வேண்டுமென்றால் வேறு தீவு பார்க்காதீர்கள்.

## சார்டினியா: கடலுக்காக மட்டும் போகிறவர்களுக்கு

தண்ணீரின் தரத்தை மட்டும் வைத்துப் போட்டி நடத்தினால் என் ஓட்டு சார்டினியாவுக்கு. கிழக்குக் கரையில் ஓரோசேய் வளைகுடாவில் சுண்ணாம்புப் பாறை மதில் போல நாற்பது கி.மீ. அளவு ஓடுகிறது, இடையிடையே காலா லூனா, காலா மரியோலு, காலா கோலோரிட்சே என்று குடாக்கள். பெரும்பாலானவற்றுக்குச் சாலை கிடையாது. காலா கோனோனே துறையிலிருந்து படகு, இல்லாவிட்டால் நடை. கோலோரிட்சேயை 1995இல் இத்தாலி தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. கோல்கோ மேட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இறங்கிப் போக வேண்டும், ஒரு நாளுக்கு 250 பேருக்குத்தான் அனுமதி, முன்பதிவு கட்டாயம், படகு கரை ஒதுங்கக் கூடாது. ஆகஸ்ட் வெயிலில் திரும்பி ஏறும்போது நிழல் குறைவு, தண்ணீர்க் கடை கிடையாது. கரையில் வழவழப்பான வெள்ளைக் கூழாங்கல், சட்டென்று ஆழம். நீந்தத் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம், மற்றவர்களுக்கு உட்கார்ந்து பார்க்கும் இடம்.

வடமேற்கு மூலையில் ஸ்டின்டினோ ஊருக்குப் பக்கத்தில் லா பெலோசா. இது இடுப்பளவு ஆழத்தில் வெகுதூரம் போகும் கரை. கோடையில் ஒரு நாளுக்கு 1,500 பேர், ஆளுக்கு 3.50 யூரோ, அதுவும் முன்பதிவில். துண்டை நேராக மணலில் விரிக்கக் கூடாது, அடியில் பாய் இருக்க வேண்டும். ஈரத்துண்டில் ஒட்டிக்கொண்டு மணல் ஊர் ஊராகப் போய்விடுகிறது என்பதால் இந்த விதி. சார்டினியாவின் மணலை, கூழாங்கல்லை, கிளிஞ்சலைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்தால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் சட்டைப் பையில் சேர்த்ததைக் கிளம்பும் முன் கொட்டிவிடுங்கள். லா மத்தலேனா தீவுக்கூட்டத்தில் புதெல்லியின் ரோஜா நிறக் கடற்கரை 1990களிலிருந்து கால் வைக்க முடியாதபடி மூடப்பட்டிருப்பதும் இதே கவலையால்தான், படகிலிருந்து பார்க்கலாம்.

தீவின் பெரிய சங்கடம் அதன் அளவு. கிரீட்டைப் போல மூன்று மடங்கு. கலியாரியில் இறங்கி ஓல்பியா வரை போக மூன்று மணி நேரம் நல்ல சாலையிலேயே ஆகும். உள்நாட்டில் பஸ்களும் ரயில்களும் இருந்தாலும் குடாக்களின் வாசலுக்கு அவை போவதில்லை. ஆகவே கார் வாடகை முழு நாட்களுக்கும் கணக்கில் வர வேண்டும். அதன் மேல் கடற்கரைதோறும் பார்க்கிங் கட்டணம், படகுக் கட்டணம், உணவகத்தில் உட்கார்ந்ததற்கு ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ "கொபெர்தோ". அறை வாடகையைப் பார்த்து சார்டினியா மலிவு என்று நினைத்தவர்கள் இந்தச் சில்லறையில்தான் அடிபடுகிறார்கள். கோஸ்டா ஸ்மெரால்டா பக்கம் ஆகஸ்டில் போவதென்றால் இந்தப் பத்தியையே படிக்க வேண்டாம். அது உல்லாசப் படகு வைத்திருப்பவர்களின் கரை.

கடலை விட்டுத் திரும்பினால் கலியாரி நகரத்தின் ஓரத்திலேயே மொலென்தார்ஜியுஸ் உப்பளத்தில் பூநாரைகள் மேய்கின்றன. உள்நாடு முழுக்க நுராகே எனப்படும் வெண்கலக் காலத்துக் கல் கோபுரங்கள், ஏறத்தாழ ஏழாயிரம். பருமினியில் உள்ளது 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சைவச் சாப்பாடு சுமார். உருளைக்கிழங்கும் புதினாவும் பாலாடைக்கட்டியும் வைத்த குலுர்ஜியோனெஸ் என்ற கொழுக்கட்டை வடிவப் பாஸ்தா ஒன்றே போதும் என்று சொல்லும் ருசி. பெக்கொரினோ பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டியின் இரைப்பைச் சாறு சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள் என்பதைக் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

## கோர்சிகா: மலைக்குப் போய்க் கடலையும் பார்க்கிறவர்களுக்கு

நான்கில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் கோர்சிகா. எல்லோருக்கும் சொல்ல மாட்டேன்.

கடலிலிருந்து நேராக 2,706 மீட்டர் வரை எழும் மலை. மோன்டே சின்டோ உச்சியில் ஜூன் தொடக்கத்தில்கூடப் பனித் திட்டுகள் இருக்கும். தீவை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் குறுக்கே வெட்டும் ஜி.ஆர்.20 பாதை ஏறத்தாழ 180 கி.மீ.; ஐரோப்பாவின் கடினமான நெடும்பாதைகளில் ஒன்று என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை. பயிற்சி இல்லாதவர்கள் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். நம் போன்றவர்களுக்கு வேறு இருக்கிறது. மேற்கே போர்த்தோ வளைகுடாவும் ஸ்காண்டோலா காப்பகமும் 1983 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பியானாவுக்கும் போர்த்தோவுக்கும் இடையில் செம்பாறைகள் கடலுக்கு மேல் நானூறு மீட்டர் உயரம் வரை நிற்கின்றன; அவற்றைக் குடைந்து போகிற சாலையில் எதிரே சுற்றுலா பஸ் வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தாக வேண்டும், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மார்பளவு சுவர். மாலை வெயில் படும்போது அந்தக் கல் கனல் நிறமாகும். ஜிரோலாட்டா என்ற சிற்றூருக்குப் படகில் போகலாம், இல்லையேல் கணவாயிலிருந்து புதர்க்காட்டின் வழியே ஒன்றரை மணி நேரம் இறங்கி நடக்கலாம். ரோஸ்மேரி, மிர்ட்டில், சிஸ்டஸ் எல்லாம் சேர்ந்து வெயிலில் காயும் அந்தப் புதரின் வாசனை துணியில் ஏறிவிடும்.

கோர்சிகாவில் தாராளமாகக் கிடைக்கிற ஒன்று ஆற்றுக் குளியல். சோலென்சாரா, ஃபாங்கோ ஆறுகளில் பாறைக் குழிகளில் தேங்கும் மலைத் தண்ணீர், அடி தெரிகிற பச்சை. கடற்கரையில் கூட்டம் தாங்காத ஜூலை நாளில் மலைமேல் ஏறி ஆற்றில் இறங்கலாம். வேறு மூன்று தீவுகளிலும் இந்த மாற்று வழி இவ்வளவு சுலபமில்லை. ஆற்றில் இறங்குமுன் மலைமேல் இடி மழை இருக்கிறதா என்று வானிலை பார்க்க வேண்டும். தண்ணீர் சட்டென்று ஏறும்.

கார் ஓட்டத் தயங்குகிறவர்களுக்கும் இங்கே வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பாஸ்தியாவிலிருந்து கோர்த்தே, விசாவோனா வழியாக அஜாக்சியோ வரை குறுகிய பாதை ரயில் மலையைக் கடக்கிறது. வழியில் வெக்கியோ ஆற்றுப் பாலம் ஈஃபில் கோபுரம் கட்டிய அதே நிறுவனத்தின் வேலை. விசாவோனாவில் இறங்கினால் நிலையத்திலிருந்தே லாரிசியோ பைன் காட்டுக்குள் நடக்கலாம். கால்விக்கும் லில் ரூஸுக்கும் இடையே கடலோர ரயில் குடாவுக்குக் குடா நிற்கும். கால்வியில் சில நாள், கோர்த்தேயில் சில நாள் என்று வைத்துக்கொண்டால் கார் இல்லாமலே மலையும் கடலும் முடிந்துவிடும்.

இனிக் கெட்ட செய்தி. நான்கில் விலை அதிகமானது இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் ஒன்றாக வந்து இறங்குவதால் பல வீடுகள் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்ற கணக்கில்தான் கிடைக்கும். காட்டுத்தீ அபாய நாட்களில் மலைப்பாதைகளை மூடிவிடுவார்கள். வானம் சட்டென்று மாறும்: 2022 ஆகஸ்ட் 18 காலையில் அடித்த புயலில் 224 கி.மீ. வேகத்தில் காற்று பதிவானது, கூடார முகாம்களில் உயிர்ப்பலி நேர்ந்தது. உணவகங்களில் பன்றி இறைச்சி வகைகளே பெருமைக்குரியவை. சைவர்களுக்கு செஸ்நட் மாவுக் களியும் ப்ரோச்சு பாலாடைக்கட்டி வைத்த பாஸ்தாவும் கிடைக்கும், மூன்றாம் நாள் சலித்துவிடும். சமையலறையோடு வீடு எடுப்பதே புத்தி. பாரிஸிலும் மார்செயிலும் இருப்பவர்களுக்கு விமானமும் கப்பலும் அடிக்கடி உண்டு. அவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், காரையே கப்பலில் ஏற்றி அரிசி பருப்போடு போய்விடுகிறார்கள்.

## மெனோர்கா: சின்னப் பிள்ளைகளோடு, நடக்கப் பிடித்தவர்களோடு

தீவின் ஒரு கோடி மஹோன், மறுகோடி சியுதாதெல்லா, நடுவே 45 கி.மீ. சாலை. ஒரே இடத்தில் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு எல்லா இடத்துக்கும் போய் வரலாம். பிள்ளைகளோடு பயணம் செய்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். 1993இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பக்கத்துத் தீவுகளைப் போலக் கடற்கரை முழுக்க ஹோட்டல் மதில் எழும்பாமல் தப்பியது.

காற்றுக்குத் தப்பிக்க இதைவிடத் தோதான தீவு இல்லை. வடக்கே செம்மண்ணும் கரும்பாறையுமாக முரட்டுக் கரை, தெற்கே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக் குடாக்கள். திராமுந்தானா அடித்தால் தெற்கே மக்கரெல்லா, துர்க்கேதா. தெற்கிலிருந்து அடித்தால் வடக்கே கவல்லேரியா, பிரெகோண்டா. அரை மணி நேரத்தில் மாறிவிடலாம். காலையில் காற்றைப் பார்த்துவிட்டுக் கடற்கரையை முடிவு செய்வது உள்ளூர் வழக்கம்.

தீவைச் சுற்றி 185 கி.மீ. ஓடும் காமி தெ கவால்ஸ், குதிரைக் காவலர்கள் ரோந்து போன பழைய பாதை. இருபது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வேண்டிய ஒன்றை மட்டும் எடுத்துக் காலையில் நடந்து, அடுத்த குடாவில் குளித்து, பஸ்ஸில் திரும்பலாம். பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, ஆறு வயதுப் பிள்ளையும் நடக்கும். மேலே பார்த்துக்கொண்டே நடங்கள்: மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கி வாழ்கிறது. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் சோறு உண்ண வந்துகொண்டிருந்து இப்போது வராமல் போன அதே இனம்.

மக்கரெல்லாவுக்குக் கோடையில் தனியார் கார் போக முடியாது, சியுதாதெல்லாவிலிருந்து பஸ்; இடத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மற்ற குடாக்களின் பார்க்கிங் ஆகஸ்டில் காலையிலேயே நிரம்பிவிடும். இரவுக்கு இவ்வளவு என்று, மெனோர்கா அடங்கிய பலேயாரிக் தீவுகளின் சுற்றுலா வரி தனி. அக்டோபர் முடிந்ததும் பாதித் தீவு கடையைச் சாத்திவிடும். ஜூன் 23, 24இல் சியுதாதெல்லாவில் சான் ஜுவான் குதிரைத் திருவிழா. பார்க்க ஆசைப்பட்டால் வெகு முன்பே அறை எடுங்கள், அமைதி வேண்டுமென்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். உயர்ந்த மலை வேண்டும் என்பவர்களுக்கு இங்கே ஒன்றுமில்லை. 358 மீட்டரை யாரும் மலை என்று சொல்ல மாட்டார்கள்.

## கரையில் கிடக்கும் பழுப்புக் குவியல்

நான்கு தீவுகளுக்கும் பொதுவான ஒரு புகார். படத்தில் வெள்ளையாக இருந்த கடற்கரையில் போய் நின்றால் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு நார்க் குப்பை. கிழிந்த காகித நாடா போலத் தட்டையான இலைகள், காலடியில் அமுங்கும், ஈரமாக இருந்தால் அழுகிய வாடை. நடுவே பழுப்பு நிறத்தில் உருண்டு திரண்ட நார்ப் பந்துகள். சாக்கடை கலந்துவிட்டதாக நினைத்து ஹோட்டல்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அது போசிடோனியா என்ற கடற்புல்; பாசி இனமல்ல, பூத்துக் காய்க்கும் தாவரம். அலையின் வேகத்தை மட்டுப்படுத்தி மணல் அரித்துப் போகாமல் காப்பதும், கடலடி மண் கலங்காமல் பிடித்துவைத்துத் தண்ணீரைத் தெளிவாக்குவதும் அதுதான். அதை அள்ளிப் போட்டுவிட்டால் சில ஆண்டுகளில் மணலும் போய்விடும். குவியல் பிடிக்காவிட்டால் அடுத்த குடாவுக்கு நடந்துவிடுங்கள். காற்று மாறினால் அதுவே கடலுக்குத் திரும்பும்.

மேற்குத் தீவுகளில் ஊதா நிற ஜெல்லி மீன்கள் சில நாட்கள் கூட்டமாக வரும். கரையில் அதற்கென்று எச்சரிக்கைக் கொடி ஏற்றியிருந்தால் இறங்க வேண்டாம். ரப்பர் காலணி ஒரு ஜோடி எல்லோருக்கும் வாங்கிக்கொள்ளுங்கள், கூழாங்கல்லுக்கும் கடல் முள்ளெலிக்கும்.

## உங்கள் விடுமுறை எப்போது?

மே மாதம் என்றால் கிரீட், அதுவும் கடைசி இரு வாரம், மேற்குப் பகுதி. ஜூன் முதல் பாதி வரை இழுக்க முடிந்தால் மெனோர்காவையும் சார்டினியாவையும் யோசிக்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் முன்னது, எல்லோரும் நீந்துவார்கள் என்றால் பின்னது. ஜூலை, ஆகஸ்ட் தவிர வேறு வழியில்லாதவர்கள் கடற்கரை அறைக்கு அதிகக் காசு கொடுத்து நெரிசலில் படுப்பதைவிட, கோர்சிகாவின் உள்நாட்டில் கோர்த்தே பக்கம் வீடு எடுத்து ஆற்றில் குளித்துவிட்டு, இரண்டொரு நாள் மட்டும் கடலுக்கு இறங்கி வருவது நல்லது. பணம் இடிக்கும் என்றால் அதே மாதங்களில் கிரீட்டின் தென்மேற்கு; காற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் கிடைத்த பாக்கியசாலிகள் நான்கில் எதற்குப் போனாலும் தவறில்லை, நான் சார்டினியாவுக்குப் போவேன். அக்டோபர் பாதி என்றால் மறுபடி கிரீட். மேற்கே மழை தொடங்கிவிடும்.

இரண்டு தீவு பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சேர்க்கை சரிவரும். கோர்சிகாவின் தென்முனை பொனிஃபாசியோவிலிருந்து சார்டினியாவின் சாந்தா தெரேசாவுக்குக் கப்பலில் ஒரு மணி நேரம்தான். ஒரு தீவில் எடுத்த வாடகைக் காரை மறுதீவுக்கு ஏற்ற நிறுவனங்கள் பொதுவாக ஒப்புவதில்லை. ஒப்பந்தத்தைப் படியுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுங்கள். மிஸ்த்ரால் பலமாக அடித்தால் அந்தக் கப்பல் நிற்கும் என்பதால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாள் கடக்காதீர்கள்.

## ஏன் இவற்றைச் சேர்க்கவில்லை

கோசோவைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். மால்டாவின் சிர்கெவ்வாவிலிருந்து கப்பலில் 25 நிமிடம், எங்கும் ஆங்கிலம், இடப்பக்க ஓட்டம், 67 சதுர கி.மீ. மட்டுமே. ஆனால் அங்கே மலையும் இல்லை காடும் இல்லை. எல்லோரும் படத்தில் பார்த்திருந்த கல் வளைவு 2017 மார்ச்சில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. முக்குளிப்பவர்களுக்கும் குளிர்காலத்தில் கடலோரம் நடக்க விரும்புகிறவர்களுக்கும் பொருந்தும். சிசிலிக்கு எட்னா எரிமலை ஒன்றே போதும், ஆனால் அங்கே போனால் கோயில்களும் நகரங்களும் உங்களை இழுத்துக்கொள்ளும். அது வேறு பயணம். சைப்ரஸுக்குத் துபாயிலிருந்து நேரடி விமானம் உண்டு, இடப்பக்கம் ஓட்டலாம், நவம்பரிலும் குளிக்கலாம், மேற்கே அகாமாஸ் முனையின் லாரா கடற்கரையில் ஆமைகள் முட்டையிடுகின்றன. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கு இதுவே முதல் தேர்வாகக்கூட இருக்கலாம். ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருப்பதால் நுழைவு விதிகள் தனி. டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் பக்கத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிடுங்கள்.